ராட்டாந்தூரிக்கு ஒரு ட்ரயல் பேலன்ஸ்!

போன வருஷம் நவராத்திரி மூன்றாம் நாள், ராத்திரி ஏழேகால் மணிக்கு எங்கள் வீட்டு ஹாலில் ஒரு விமான விபத்து நடந்தது.

விமானம் எதுவும் இல்லை. பறந்தவர் ஒரு போலீஸ்காரர். களிமண் போலீஸ்காரர். மூன்று அங்குல உயரம். அடியேன் சொந்தக் கையால் செய்து, சொந்தக் கையால் மோட்டார் மாட்டி, சொந்தக் கையால் ஸ்விட்சைப் போட்ட கொலு ராட்டினத்தின் உச்சிப் பெட்டியிலிருந்து கிளம்பி, ஹாலைக் குறுக்கே கடந்து, பக்கத்து வீட்டு மாமியின் சுண்டல் தட்டில் லத்தியோடு வந்து இறங்கினார்.

"காராமணிக்கு பந்தோபஸ்து போலிருக்கு!" என்றார் மாமி.

ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

சிரிக்காத ஆள் ஒன்றே ஒன்று. ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் மகள். போலீஸ்காரருக்குப் பின்னாலேயே பறந்துபோன இரட்டை ஜடைப் பொம்மையைத் தரையிலிருந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை ஒரு கையில், உடம்பு ஒரு கையில். அந்தப் பொம்மை என் அம்மா அவளுக்கு வாங்கித் தந்தது. அம்மா இப்போது இல்லை.

"ஒட்டிடலாம் கண்ணு..."

"ம்."

"அடுத்த வருஷம் பாரு, அப்பா சூப்பரா..."

"வேண்டாங்கப்பா. விடுங்க."

அழுதிருந்தால்கூடத் தேவலை. இந்த 'விடுங்க' இருக்கிறதே, ஆபீஸில் மேனேஜர் நம்முடைய ஃபைலை மூடி ஓரமாக வைத்துவிட்டு, 'நான் பாத்துக்கறேன்' என்பாரே, அந்த ரகம். இனிமேல் உன்னை நம்பி எதையும் கேட்கப் போவதில்லை என்று அர்த்தம். பதினோரு மாதம் அந்த ஒரு வார்த்தை எனக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. அதற்கு மட்டும் மோட்டார் தேவைப்படவில்லை!

* * *

முதலில் ஒரு தன்னிலை விளக்கம்.

கொலு வைப்பது எங்கள் பரம்பரை வழக்கம் இல்லை. கல்யாணமாகி வந்த வருஷம் என் மனைவி பக்கத்து வீட்டு மாமியைப் பார்த்து மூன்று படியில் ஆரம்பித்தாள். என் அம்மாவுக்கு அது பிடித்துப்போய், வருஷத்துக்கு ஒரு பொம்மையாகச் சேர்த்து ஏழு படியாக்கிவிட்டார். படிக்குப் பக்கத்தில் தரையில் 'பார்க்' போடுகிற வேலை மட்டும் எனக்கு. ஆற்று மணல் பரப்பி, கேழ்வரகு முளைக்கவைத்துப் புல்தரை, தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றிக் குளம். எல்லாம் ஆன பிறகு பார்த்தால் நடுவில் வெறிச்சென்று இருக்கும். அங்கேதான் ராட்டினம் வரவேண்டும் என்று எந்தக் குழந்தைக்கும் தோன்றும். எங்கள் கொங்குப் பக்கத்தில் அதற்கு 'ராட்டாந்தூரி' என்று பெயர். தூரி என்றால் ஊஞ்சல். சுற்றுகிற ஊஞ்சல். என்ன பொருத்தமான பெயர் பாருங்கள்!

நான் படித்தது பி.காம். டெபிட் எது, கிரெடிட் எது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். பாசிட்டிவ் எது, நெகட்டிவ் எது என்று கேட்டால் திருதிரு. அப்பா அப்படி இல்லை. பஞ்சாலையில் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆனவர். ஹாலில் ஈஸிசேரில் உட்கார்ந்து பேப்பர் படித்தபடி என் விஞ்ஞான முயற்சிகளையெல்லாம் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். போலீஸ்காரர் பறந்த அன்றைக்கு மட்டும் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்:

"முடுக்கறது பெரிய காரியமில்லடா. அடக்கறதுதான் பெருசு."

அப்போது அது ஏதோ குடும்ப அறிவுரை என்று நினைத்துவிட்டேன். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் அது சுத்தமான மெக்கானிக்ஸ் என்று புரிந்தது.

நான் மாட்டியிருந்தது பழைய டேப் ரெக்கார்டரில் இருந்து எடுத்த மோட்டார். கட்டைவிரல் பருமன்தான். ஆனால் நிமிடத்துக்கு 2,400 சுற்று சுற்றும் ஜாதி. அதன் முனையில் 1 சென்டிமீட்டர் கப்பி. ராட்டினத்தின் விட்டம் 30 சென்டிமீட்டர். இரண்டையும் ரப்பரால் இணைத்தேன். முப்பதுக்கு ஒன்று. 2,400-ஐ 30-ஆல் வகுத்தால் 80. 'ஆஹா, எவ்வளவு குறைந்துவிட்டது!' என்று அன்றைக்கு எனக்கு ஒரே பூரிப்பு.

இப்போது இன்னொரு கணக்கு. 30 சென்டிமீட்டர் ராட்டினம் நிமிடத்துக்கு 77 சுற்றை எட்டினால், உச்சிக்கு வருகிற பொம்மைக்கு எடையே இல்லாமல் போய்விடும். அதற்கு மேலே போனால், பெட்டியில் உட்கார்ந்திருக்க வேண்டிய அவசியமே அதற்கு இல்லை. 77-க்கும் 80-க்கும் நடுவில்தான் போலீஸ்காரர் டூட்டியை விட்டுக் கிளம்பியிருக்கிறார்!

மோட்டார் என்கிற ஜந்துவின் சுபாவமே இதுதான். சின்ன மோட்டார் தாறுமாறாக வேகமாகச் சுற்றும். ஆனால் பலம் இருக்காது. நமக்கு வேண்டியது நேர் எதிர். மெதுவாக, ஆனால் பலமாக. வேகத்தைக் கொடுத்து பலத்தை வாங்க வேண்டும். பண்டமாற்று! அதற்குத்தான் பல் சக்கரம், பெல்ட், கப்பி எல்லாம்.

இதை எனக்குப் புரியவைத்தது என் மனைவி. கிரைண்டரில் மாவு வழித்துக்கொண்டே, "ஏனுங்க, இதுக்குள்ளே இருக்கற மோட்டாரும் பேய் வேகத்துலதானே சுத்தும்? உளுந்து என்ன பறந்தா போகுது?" என்றாள்.

எனக்குப் பொறி தட்டியது. கிரைண்டரைக் கவிழ்த்துப் பார்த்திருக்கிறீர்களா? மோட்டாரில் சின்னச் சக்கரம், அடியில் பெரிய சக்கரம், நடுவில் பெல்ட். மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 1,400 சுற்று சுற்றினால், மாவு அரைகிற பாத்திரம் ஏறத்தாழ அதில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் நிதானமாகச் சுற்றுகிறது. 1955-ல் கோவையைச் சேர்ந்த பி.சபாபதி என்பவர் உருவாக்கிய சமாச்சாரம் இது. பிற்பாடு புவிசார் குறியீடே வாங்கிவிட்டது கோயமுத்தூர் கிரைண்டர். ஊரே உலகத்துக்கு வேகத்தைக் குறைக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறது. ஊருக்குள் இருக்கிற நான் போலீஸ்காரரைப் பறக்கவிட்டிருக்கிறேன்!

* * *

இந்த வருஷம் நவராத்திரிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது வேலையை ஆரம்பித்தேன். மகளிடம் சொல்லவில்லை. கேட்டால் மறுபடி 'விடுங்க' வரும்.

மச்சினன் வீட்டில் ஒரு மைக்ரோவேவ் அடுப்பு உயிரை விட்டிருந்தது. உள்ளே ஒரு கண்ணாடித் தட்டு மெதுவாகச் சுற்றுமே, அதற்கு அடியில் பிஸ்கட் சைஸில் ஒரு மோட்டார் உண்டு. அடித்தகட்டைக் கழற்றி அதை எடுத்துவந்துவிட்டேன். நெற்றியில் '5/6' என்று எழுதியிருந்தது. நம் ஊர் 50 சைக்கிள் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 5 சுற்று. 60 சைக்கிள் இருக்கிற அமெரிக்கா மாதிரி ஊரில் 6 சுற்று. பல் சக்கரமெல்லாம் உள்ளேயே இருக்கிறது. நேராக அச்சில் மாட்டி, பிளக்கைச் சொருகினால்... அடடா! கோயில் யானை மாதிரி அசைந்து அசைந்து சுற்றியது ராட்டினம். நான் ஜெயித்துவிட்டேன்!

மறுநாள் காலை மனைவி கூப்பிட்டாள். "ஏனுங்க, நேத்து பிரதட்சணமாச் சுத்துச்சு. இன்னைக்கு அப்பிரதட்சணமாச் சுத்துதே, ஆகுமா?"

அதுவும் அந்த மோட்டாரின் சுபாவம்தான். 'சிங்க்ரோனஸ்' ஜாதி. ஸ்விட்சைப் போடுகிற கணத்தில் எந்தப் பக்கம் தள்ளு கிடைக்கிறதோ அந்தப் பக்கம் கிளம்பிவிடும். அடுப்பில் தட்டு எந்தப் பக்கம் சுற்றினால் என்ன? சாதம் சூடானால் சரி. 'சாமி காரியத்துக்கு இது சரிப்படுமா?' என்று நாங்கள் இரண்டு பேரும் ஆராய்ந்துகொண்டிருந்தோம்.

ஆராய வேண்டிய விஷயம் வேறு ஒன்று இருந்தது. அதை நாங்கள் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்த மகள் பார்க்கைப் பார்த்தாள். ராட்டினத்தையும் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. கேழ்வரகு முளைக்குத் தண்ணீர் தெளித்தாள். ஒரு பெட்டி கோணலாகத் தொங்குவது அவள் கண்ணில் பட்டிருக்க வேண்டும். ஈரக் கையோடு மணலில் முழங்காலை ஊன்றி, மோட்டார் பக்கமாகக் கையை நீட்டினாள்.

"அம்மிணி! கையை எடு!"

அப்பாவின் குரல் அந்த அளவுக்கு உயர்ந்து நான் கேட்டதே இல்லை. முழங்கால் வலிக்காரர், ஈஸிசேரிலிருந்து எழுந்திருக்கவே இரண்டு நிமிஷம் ஆகும். அன்றைக்கு எப்படி வந்தார், எப்போது பிளக்கைப் பிடுங்கினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ராட்டினம் நின்றுவிட்டது. பேத்தியைத் தூக்கிச் சோபாவில் உட்காரவைத்துவிட்டு, மோட்டாரைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு ஒயரும் சேருகிற இடத்தில் விரலை வைத்துக் காட்டினார்.

"இது என்ன?"

"செல்லோ டேப்புங்கப்பா..."

"பி.காம்!" என்றார். அவ்வளவுதான். வேறு எதுவும் திட்டவில்லை.

230 வோல்ட். செல்லோ டேப். ஈர மணல். பக்கத்தில் தாம்பாளம் நிறையத் தண்ணீர். ஒன்பது நாளும் தெருக் குழந்தைகள் எல்லாம் வந்து குனிந்து பார்க்கப்போகிற இடம். எனக்கு அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது.

ராத்திரி சாப்பாடு ஆன பிறகு அப்பா வலது கையை விரித்துக் காட்டினார். ஆள்காட்டி விரலிலிருந்து கட்டைவிரல் வரைக்கும் வெள்ளையாக ஒரு தழும்பு.

"இது எப்படி வந்துச்சு, தெரியுமா?"

"பட்டாசு..."

"அது உங்கம்மா ஊருக்குச் சொன்னது. மில்லுல, ஈரக் கையோட ஸ்டார்ட்டர் பாக்ஸைத் தொறந்தேன். நீ அப்ப ஒண்ணாவது. பக்கத்துல இருந்தவன் மெயினை அணைச்சதால இன்னைக்கு உன்ற முன்னால உக்காந்திருக்கறேன். அன்னைக்கு உங்கம்மா முடிவு பண்ணினா, பையன் கரண்ட் பக்கமே போகப்படாதுன்னு. அதனாலதான் உன்னை பி.காம்ல சேர்த்தா."

மார்க் குறைவாக இருந்ததால்தான் எனக்கு காமர்ஸ் கிடைத்தது என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். (மார்க்கும் குறைவுதான். அது வேறு விஷயம்.)

"ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. குழந்தை கை படற இடத்துல வீட்டுக் கரண்ட் வரப்படாது. பொம்மைக்கு பொம்மைக் கரண்ட் போதும். நாளைக்கு உக்கடத்துக்குள்ளே போய்த் தேடு."

* * *

உக்கடம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு பொள்ளாச்சி, பாலக்காடு பஸ், மீன் மார்க்கெட், பெரியகுளம். 2024-ல் மேம்பாலம் திறந்த பிறகு, பாலத்தின் மேலே பறக்கிறவர்களுக்கு அதுவும் கண்ணில் படுவதில்லை. பாலத்துக்குக் கீழே குடியிருக்கும் எங்களுக்குத்தான் தெரியும், இங்கே பழைய சாமான் கடைகளில் பொறுமையாகத் தேடினால் கிடைக்காத வஸ்து இல்லை என்று.

நான் வழக்கமாகப் போகிற கடையின் பாய், மூக்குப்பொடி டப்பா சைஸிலிருந்து ஆட்டுக்குட்டி சைஸ் வரைக்கும் மோட்டார்களைக் குவித்து வைத்திருப்பார்.

"வாங்க தம்பி, எதுக்கு மோட்டார்?"

"ராட்டினத்துக்கு, பாய்."

"எத்தனை பேர் உக்காருவாங்க?"

"பன்னெண்டு பேர். எல்லாம் களிமண்ணு."

"அட, கொலுவுக்கா! முதல்லயே சொல்றதில்லையா? நான் லாரி வைப்பர் மோட்டாரை எடுக்கப் போனேன். அதை மாட்டினா ராட்டினம் நிக்கும், உங்க வீடு சுத்தும்!"

மைக்ரோவேவ் கதையைச் சொன்னேன். பாயின் சிரிப்பு நின்றுவிட்டது.

"அடித்தகட்டை மட்டும்தானே கழட்டினீங்க? மேல் மூடியைத் தொடலியே? அதுக்குள்ளே ஒரு கபாசிட்டர் இருக்கு தம்பி. பிளக்கைப் பிடுங்கின பொறவும் கரண்டை உள்ளே வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். ஆளையே அடிச்சுடும். தெரியாத கை அதுக்குள்ளே போகவே கூடாது."

ஒரே வாரத்தில் இரண்டாவது தடவையாக வயிற்றைக் கலக்கியது.

பிறகு பாய் ஒரு வேடிக்கை காட்டினார். டேப் ரெக்கார்டர் மோட்டாருக்கு பாட்டரி கொடுத்து, "பிடிங்க" என்றார். சுற்றுகிற முனையை இரண்டு விரலால் பிடித்தேன். கப்சிப் என்று நின்றுவிட்டது. அடுத்து, மஞ்சள் கலரில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளமாக ஒரு பிளாஸ்டிக் பெட்டி. ஸ்கூல் பிள்ளைகள் பொம்மைக் கார், ரோபோ எல்லாம் செய்கிறார்களே, அந்த கியர் மோட்டார். அதே பாட்டரி. "இப்பப் பிடிங்க." பிடித்தேன். நிற்கவில்லை. என் விரலையும் சேர்த்துத் திருகிக்கொண்டு போனது!

"ரெண்டுக்குள்ளேயும் இருக்கறது குட்டி மோட்டார்தான் தம்பி. இதுல பல் சக்கரம் இருக்கு. அவ்வளவுதான் வித்தியாசம். இது நிமிஷத்துக்கு 60 சுத்து. 100, 150-ன்னும் இருக்கு. ராட்டினத்துக்கு 60 போதும். வீட்டுல பழைய செல்போன் சார்ஜர் இருக்குமில்ல? அஞ்சு வோல்ட்டு. அதைக் கொடுங்க, ஷாக்கே அடிக்காது. செகப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் மாத்திப் போட்டா எதிர்ப்பக்கம் சுத்தும். உங்க வீட்டம்மாகிட்ட பிரதட்சணம் எந்தப் பக்கம்னு கேட்டுட்டு மாட்டுங்க!"

* * *

இந்தத் தடவை நான் நேராக மாட்டவில்லை. அப்பாவின் ஈஸிசேருக்கு எதிரே போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

"ராட்டாந்தூரியைக் கொண்டா. மோட்டார் அப்புறம்" என்றார்.

அப்போது எனக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்தது. சின்ன வயதில் பொருட்காட்சிக்குக் கூட்டிப்போய் ராட்டாந்தூரியில் ஏற்றினார் அப்பா. உச்சிக்குப் போனபோது ஊரே கீழே மினுமினுத்தது. நான் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா சாமி பேரைச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா மட்டும் கீழே எட்டி மோட்டாரையே பார்த்துக்கொண்டு வந்தார்! இறங்கிய பிறகு என்னிடம் கேட்டார்: "ஆள் ஏத்தறவன் வரிசையா ஏத்தாம, ஒரு பெட்டி இந்தப் பக்கம், ஒரு பெட்டி எதிர்ப்பக்கம்னு ஏத்தினானே, ஏன்?" எனக்கு அப்போது பஞ்சுமிட்டாய்தான் முக்கியம். பதில் சொல்லவில்லை. கிட்டத்தட்ட முப்பது வருஷம் கழித்து, அதே கேள்வி மறுபடி என் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டது.

விஷயம் இதுதான். ஒரு பெட்டியில் 20 கிராம் பொம்மை அதிகமாக இருக்கிறது, அது மையத்திலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்றால், அந்தப் பக்கத்தை மேலே தூக்கும்போதெல்லாம் மோட்டார் 300 கிராம்-சென்டிமீட்டர் பலத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். நேர் எதிர்ப் பெட்டியில் இன்னொரு 20 கிராமை வைத்தால்? பூஜ்யம்! இந்தப் பக்கம் ஏறுகிற எடையை அந்தப் பக்கம் இறங்குகிற எடையே தூக்கிவிடுகிறது. மோட்டாருக்கு மிச்சம் இருக்கிற வேலை, உராய்வைச் சமாளிப்பது மட்டும்தான்.

உலகத்தின் முதல் ராட்சத ராட்டினம் 1893-ல் சிகாகோ பொருட்காட்சியில் சுற்றியது. செய்தவர் பெயர் ஜார்ஜ் ஃபெரிஸ். உயரம் 264 அடி. 36 பெட்டி. பெட்டிக்கு 60 பேர். மொத்தம் 2,160 பேர்! அத்தனை பேரையும் சுமந்துகொண்டு, நிற்காமல் ஒரு சுற்றுச் சுற்ற 9 நிமிஷம் எடுத்துக்கொண்டது. ஆயிரம் குதிரைசக்தி நீராவி என்ஜின் இரண்டு இருந்தன. அதில் ஒன்று ஸ்பேர். அத்தனை பிரம்மாண்டத்துக்கு ஒரே என்ஜின் போதுமானதாக இருந்ததன் ரகசியம் இந்த எதிரெதிர்ச் சமன்தான்.

அதே 1893-ல்தான் நம் கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் கிராமத்தில் ஜி.டி.நாயுடு பிறந்தார். 1937-ல் இந்தியாவின் முதல் மின் மோட்டாரை டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இங்கே உருவாக்கினார். அங்கே ராட்டினம் பிறந்த வருஷம், இங்கே மோட்டார்க்காரர் பிறந்திருக்கிறார். கடவுள் எங்கள் ஊர்க் கொலுவை மனதில் வைத்துத்தான் ஏற்பாடு செய்தாரோ என்னவோ!

அப்பா சொன்னபடி செய்தேன். சைக்கிள் போக்ஸ் கம்பி அச்சு. பழைய டேப் ரெக்கார்டரில் இருந்த பித்தளை புஷ் இரண்டு பக்கமும். ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். பெல்ட் மாட்டாமல் ராட்டினத்தை லேசாகத் தட்டிவிட்டு, தானாக நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். மூன்று தடவை தட்டியும் ஒரே பெட்டி அடியில் வந்து நின்றால், அந்தப் பக்கம் கனம். நேர் எதிரே ஒரு குண்டூசி குத்து. மறுபடி தட்டு. எங்கே வேண்டுமானாலும் நிற்கிறதா? சரியாகிவிட்டது.

இதைக் கேட்டதும் எனக்குள்ளே பளிச்சென்று ஒரு பல்பு எரிந்தது.

"அப்பா! இது ட்ரயல் பேலன்ஸ்!"

"என்னது?"

"எங்க சப்ஜெக்ட்டுங்கப்பா! இந்தப் பக்கம் டெபிட், அந்தப் பக்கம் கிரெடிட். ரெண்டும் டாலி ஆகணும். ஆகாட்டி எங்கேயோ தப்பு."

வாழ்க்கையில் முதல் தடவையாக என் படிப்பு அப்பாவிடம் மரியாதை வாங்கியது. ராத்திரி பதினோரு மணி வரைக்கும் இரண்டு பேரும் தட்டுவதும் குத்துவதுமாக இருந்தோம். எவ்வளவு குத்தியும் எட்டாம் நம்பர் பெட்டிப் பக்கம் மட்டும் கொஞ்சம் கனம் காட்டிக்கொண்டே இருந்தது.

"இப்ப உங்க சப்ஜெக்ட்டுல என்ன பண்ணுவாங்க?" என்றார் அப்பா.

"சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டுல போட்டுடுவோம்" என்று சொல்லி, இரண்டாம் நம்பர் பெட்டிக்குப் பின்னால் ஒரு ரூபாய்க் காசை ஒட்டினேன். டாலி!

கடைசியாக மோட்டார். தண்ணீர் பாட்டில் மூடிதான் கப்பி. விட்டம் 3 சென்டிமீட்டர். ராட்டினத்தின் விளிம்பைச் சுற்றித் தையல்கடை எலாஸ்டிக். 60-ஐப் பத்தால் வகுத்தால் 6. மையத்தைப் பிடித்துத் திருகுவதைவிட விளிம்பைப் பிடித்து இழுப்பது சுலபம். லண்டனில் 135 மீட்டர் உயர ராட்டினம் ஒன்று இருக்கிறதே, 'லண்டன் ஐ', அதையும் விளிம்பில் ரப்பர் டயர்களை அழுத்தித்தான் சுற்றவைக்கிறார்கள். அவர்களுக்கு டயர், நமக்கு எலாஸ்டிக்.

ஸ்விட்சைப் போட்டார் அப்பா. பத்து விநாடிக்கு ஒரு சுற்று. சத்தமே இல்லை. போலீஸ்காரரை உச்சிப் பெட்டியில் வைத்தேன். எதிர்ப் பெட்டியில் அதே எடைக்குப் பால்காரர். போலீஸ்காரர் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு லத்தி கலையாமல் திரும்பி வந்தார்.

* * *

நவராத்திரி முதல் நாள். மாமி வந்தார். சுண்டல் தட்டை ஒரு கையால் மூடிக்கொண்டே உட்கார்ந்தார். ராட்டினம் ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் என்று நிதானமாகச் சுற்றுவதைப் பார்த்த பிறகுதான் கையை எடுத்தார்.

மகள் வந்தாள். ராட்டினத்தின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ரொம்ப நேரம் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. எழுந்து உள்ளே போனாள். வரும்போது கையில் இரட்டை ஜடைப் பொம்மை. கழுத்தில் பசை ஒட்டிய கோடு தெரிந்தது.

என்னிடம் கொடுக்கவில்லை. நேராகத் தாத்தாவிடம் போனாள்.

"தாத்தா, இதை வெச்சா எதிர்ப்பக்கம் எதை வெக்கணும்?"

அப்பா பொம்மையைக் கையில் வாங்கி எடை பார்த்தார். தேவைக்கு மேலேயே கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்கப்பனைக் கேளு. பேலன்ஸ் பாக்கறது அவன் டிபார்ட்மென்ட்டு" என்றார்.

நான் எடை பார்த்து ஒரு செட்டியாரைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். இரட்டை ஜடை ஏறி உட்கார்ந்தது. சுற்றியது. மேலே போனது. இறங்கி வந்தது. மகள் ஒவ்வொரு சுற்றுக்கும் அதோடு சேர்ந்து தலையை ஏற்றி இறக்கினாள்.

பத்தாவது சுற்றோ, இருபதாவது சுற்றோ, என் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள்:

"அப்பா... அடுத்த வருஷம் கொலம்பஸ் கப்பல் செய்யலாங்கப்பா."

'விடுங்க' போய் 'செய்யலாங்க' வந்துவிட்டது. எனக்குக் கணக்கு டாலி!

நான் பெருமையோடு திரும்பிப் பார்த்தால், அப்பா ஒரு நூலில் சாவிக்கொத்தைக் கட்டி ஆட்டிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் ஸ்கேல்.

"இருபத்தஞ்சு சென்டிமீட்டர் நூலுக்கு, போய் வர ஒரு விநாடி. நிமிஷத்துக்கு 60. பாய் கடை மோட்டாரும் 60. கப்பலுக்குச் சரியா இருக்கும்டா" என்றவர், கொஞ்சம் நிறுத்தி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"இன்சுலேஷன் டேப் மட்டும் இப்பவே வாங்கி வெச்சுடு!"